துளையிட்டுக் கொள்ளளவைக் கூட்டிய ஃப்ளாப்பிகள்: தகவல் அழிவது ஏன்? மீட்பது எப்படி?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறைகளாக வசித்துவரும் தமிழ்க் குடும்பங்களின் பரண்களிலும் சங்க அலுவலக அலமாரிகளிலும் 1990-களின் ஃப்ளாப்பிகள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றுள் ஒரு வகையை மட்டும் முதலில் பிரித்தெடுத்துப் படியெடுப்பது நல்லது. அது, செலவை மிச்சப்படுத்துவதற்காக ஒரு மூலையில் கையால் துளையிடப்பட்ட ஃப்ளாப்பி ஆகும்.

மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் இரு வகைகளில் அதிகம் புழங்கின. 'டிடி' எனப்படும் குறை அடர்த்தி வட்டில் 720 கிலோபைட் கொள்ளும். 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.எஸ்/2 கணினிகளுடன் பரவிய 'எச்டி' எனப்படும் உயர் அடர்த்தி வட்டில் அதைப்போல் இருமடங்கு, அதாவது 1.44 மெகாபைட் கொள்ளும். எச்டி வட்டின் உறையில் கூடுதலாக ஒரு சதுரத் துளை இருக்கும். பெரும்பாலான டிரைவ்கள் அத்துளையைக் கண்டே வட்டின் வகையை அறிந்தன.

டிடி வட்டு விலை குறைவு. எனவே அதே இடத்தில் ஒரு துளை போட்டுவிட்டால் டிரைவ் அதனை எச்டி என நம்பிவிடும் என்ற உத்தி உலகெங்கும் பரவியது. வெளிநாடுகளில் இதற்கென்றே துளையிடும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. கருவி இல்லாதவர்கள் டிரில்லையோ சூடான சால்டரிங் அயர்னையோ பயன்படுத்தினர்.

ஏமாந்தது டிரைவ் மட்டுமே

துளையிடுவதால் உள்ளே இருக்கும் காந்தப் பூச்சு மாறுவதில்லை. இரு வகை வட்டுகளிலும் ஒரு பக்கத்துக்கு 80 தடங்களே உள்ளன. ஆனால் டிடி வட்டில் ஒரு தடத்துக்கு 9 பிரிவுகள், எச்டி வட்டில் 18. உட்புறத் தடத்தில் அங்குலத்துக்குச் சுமார் 8,717 பிட்டுகள் இருந்த இடத்தில் 17,434 பிட்டுகள் நெருக்கப்படுகின்றன. தடித்த முனைப் பேனாவால் பொடி எழுத்து எழுதுவதைப் போன்றது இது. டிடி பூச்சு தடிமனானது. காந்தத்தைத் தக்கவைக்கும் திறனும் குறைவு. ஆகவே அருகருகே உள்ள காந்தப் பதிவுகள் நாளடைவில் ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன.

ஐந்தேகால் அங்குல வட்டுகளில் இவ்வேறுபாடு மிக அதிகம். அங்கு காந்த எதிர்ப்புத்திறன் டிடி-க்குச் சுமார் 300 ஒர்ஸ்டெட், எச்டி-க்குச் சுமார் 600. அதனால் பெரிய வட்டில் இந்த உத்தி உடனே தோற்றது. மூன்றரை அங்குலத்தில் வேறுபாடு சிறிது என்பதால் எழுதிய அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்தே பிழை தலைகாட்டும். உண்மையில் இதுதான் கூடுதல் ஆபத்து. துளையிடும்போது உறைக்குள் சிதறிய பிளாஸ்டிக் தூள் வட்டையும் டிரைவின் தலையையும் கீறிவிடும் அபாயமும் உண்டு.

செய்ய வேண்டியவை

ஆலைத் துளை சதுரமாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். கையால் இட்டது பெரும்பாலும் வட்டமாக, பிசிறுடன் காணப்படும். வட்டை டிரைவில் இடுமுன், எழுதுவதைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி அதன் துளையைத் திறந்துவிட வேண்டும். 'ஃபார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. கோப்புகளைத் தனித்தனியே திறந்து பார்ப்பதற்கு முன், முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாகப் படியெடுப்பதே முறை. முதல் முயற்சியில் படிக்காத பகுதி, மறுமுறையோ வேறொரு டிரைவிலோ படிக்கப்படுவது உண்டு.

கையால் இட்ட துளையின் மீது டேப் ஒட்டினால் வட்டு படிக்கும் என்று சிலர் எண்ணுவர். 1.44 மெகாபைட்டாக எழுதப்பட்ட வட்டுக்கு அது பயன்படாது. மாறாக, எச்டி வட்டு ஒன்று பழைய இயந்திரத்தில் 720 கிலோபைட்டாக எழுதப்பட்டிருந்தால் துளையை மூடினால்தான் படிக்கும். பழைய கணினி எம்பிராய்டரி இயந்திரங்களில் 720 கிலோபைட் வட்டை மட்டும் ஏற்பவை உண்டு என்பதால், ஆடைப் பட்டறை வைத்திருப்போர் இதை அறிந்திருப்பது அவசியம். ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாகப் பென் டிரைவை ஏற்கும் எமுலேட்டரைப் பொருத்திக்கொள்வது அவர்களுக்கு நிலையான வழி.

கோப்பு திறந்தும் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால், வட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனி எழுத்துருக் குறியாக்கத்தைக் கையாண்டது. உரிய எழுத்துருவோ குறியாக்க மாற்றியோ கிடைத்தால் உரை மீண்டும் தெளிவாகும்.

சோனி நிறுவனம் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை 2011-இல் நிறுத்தியது. அந்நாட்டு அரசு, ஃப்ளாப்பியில் ஆவணம் கோரும் விதிகளை 2024-இல்தான் நீக்கியது. வட்டைப் படிக்கும் டிரைவ்களும் பழுதுநீக்கத் தெரிந்தவர்களும் அருகிவருவதால், மும்பையில் லேமிங்டன் சாலைக் கடைகளில் பயன்படுத்திய டிரைவ் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிவைப்பதில் நட்டமில்லை.