கொழுப்பில் ஓடும் குளிர்காலம்

அலாஸ்காவின் வட பகுதியில் வாழும் ஆர்க்டிக் தரை அணில், ஆண்டில் 7 முதல் 8 மாதங்கள் வளைக்குள் உறங்கியே கழிக்கிறது. அப்போது அதன் எரிபொருள், கோடையில் தின்று சேர்த்த கொழுப்புதான்.

கொழுப்பு தீர்ந்துவிடாமல் இருக்க, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சில முறையே இதயம் துடிக்கிறது. உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை விஞ்ஞானிகள் 1989-இல் பதிவு செய்தார்கள். அப்போதும் இரத்தம் உறைவதில்லை!

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அணில் விழித்தெழும். அதற்கு உதவுவது தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு. வெப்பம் உண்டாக்குவதே அதன் வேலை. அது முதலில் நெஞ்சையும் தலையையும் சூடாக்கும். பிறகு தசைகள் நடுங்கி மற்றப் பாகங்களைச் சூடாக்கும். சில மணி நேரத்தில் உடல் 36 டிகிரியை எட்டும். ஒரு நாளுக்குள் மீண்டும் குளிர்ந்து உறங்கிவிடும்.

இந்த விழிப்பு, கொழுப்பை வேகமாகக் கரைக்கிறது. குளிர்கால உறக்கம் கொள்ளும் வௌவால்களுக்கும் இதே நிலைதான். அதனால் உறங்கும் விலங்குகளின் வளைகளையும் குகைகளையும் நாம் கலைக்கக் கூடாது. வீணாகும் ஒவ்வொரு விழிப்பும் அவற்றின் ஆயுளைக் குறைக்கக்கூடும்.