துணிப்பைக் கணக்கும் அரிட்டைன் முத்திரையும்

புதுச்சேரி அரியாங்குப்பம் மளிகைக் கடையில் மஞ்சப்பையை நீட்டுகிறோம். எத்தனை முறை நீட்டினால் அது சுற்றுச்சூழல் கணக்கில் பிளாஸ்டிக் பையை வெல்லும்? பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் 131 முறை என்றது. 2018இல் டென்மார்க் அறிக்கை 52 முறை போதும் என்றது. அதே அறிக்கையின் இன்னொரு வரியில் 7,100 முறை. இயற்கை விவசாயப் பருத்தி என்றால் 20,000. தினமும் கடைக்குப் போனாலும் ஏறத்தாழ 55 வருடம்!

யாரும் பொய் சொல்லவில்லை. பிரிட்டன் ஒப்பிட்டது மெல்லிய பையோடு, டென்மார்க் ஒப்பிட்டது தடித்த பையோடு. 52 என்பது புவி வெப்பமாதலை மட்டும் பார்த்த கணக்கு. 7,100 என்பது ஓசோன் சிதைவு முதலான எல்லாக் கேடுகளையும் பார்த்து, அவற்றில் மோசமானதை எடுத்துக்கொண்டது. 20,000 வந்த கதை இன்னும் வேடிக்கை. ஆய்வுக்கு எடுத்த இயற்கைப் பருத்திப் பை சிறியது. ஒப்பீட்டுக்கு வைத்த 22 லிட்டர் அளவைக் கொள்ளாததால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கில் ஏற்றினார்கள். அறிக்கையை முழுதாகப் படித்தவருக்கு இது தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை மட்டும் பார்த்தவர் மஞ்சப்பையைத் திட்டுவார்.

விதை முதல் குப்பை வரை ஒரு பொருளின் பாதிப்பைக் கூட்டிப் பார்ப்பதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. கூட்டும் முறைக்கு ஐஎஸ்ஓ 14040, 14044 என்று தரநிலைகள் உண்டு. கூட்டப்படும் தரவுகள்தான் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரு தரவுத்தளம் ஈக்கோஸ்போல்டு வடிவில் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் ஐஎல்சிடி வடிவம் வேறு. ஒன்றில் ஆற்றுநீர், நிலத்தடி நீர் என்று தனித்தனி. இன்னொன்றில் வெறும் 'நீர்'. மாற்றும்போது ஜோடி சேராத பெயர் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். கணக்கில் அது பூஜ்யம்.

பை தைக்கும் நம்மூர்த் தையல் மெஷினின் மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம்; பெரும்பகுதி மின்சாரம் வெளியிலிருந்து வாங்குவது. மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் இலவசமாக வெளியிடும் பட்டியலில், தேசிய மின்தொகுப்புக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. அணுமின்சாரம் மிகுந்த பிரான்சில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மென்பொருளில் நாட்டின் பெயரை மாற்றித் தேர்ந்தெடுத்தால், இங்கே தைத்த பை கணக்கில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிடும். எந்த மின்சாரம், எந்த ஆண்டு, யார் அளந்தது என்று தரவோடு எழுதி வைக்காவிட்டால் பிழையைப் பிடிக்கவே முடியாது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் முன்னெடுத்த 'கிளாட்' வலையமைப்பு, பல நாட்டுத் தரவுத்தளங்களை ஒரே இடத்தில் தேடவும் வடிவம் மாற்றவும் வழி செய்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தின் ஈக்கோஇன்வென்ட் போன்ற பெருங்களஞ்சியம் காசு கட்டினால்தான் முழுதாகத் திறக்கும். சிறு தையலகத்துக்கு அது எட்டாது.

தரவை அதன் பின்னணியோடு எழுதி, எல்லோருக்கும் திறந்து வைப்பதற்கு ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் புதைந்து கிடந்தது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரிட்டைன் மட்கல ஓடுகளைக் கண்டார். சில ஓடுகளில் குயவர் முத்திரை இருந்தது. அந்த வகை மட்கலத்தின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்தது. அதை வைத்து அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறித்தார். எந்த அடுக்கில் எது கிடந்தது என்பதை 1946இலேயே அச்சிட்டார். 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டிய விமலா பெக்லி, அந்தப் பதிவுகளோடு தன் சான்றுகளை ஒப்பிட்டு, ஊரின் வயதை வீலர் சொன்னதைவிடப் பின்னோக்கித் தள்ளினார்.