பக்கத்து வீட்டு நாயும் பக்கத்து வீட்டார் உரிமையும்



பதுளையை அடுத்து, நமுனுகுலை மலைச்சாரலில் உள்ள ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடையும் வீடும் ஒன்றாக இருக்கும், அதையடுத்து லயம். வரிசையாகக் காம்பராக்கள், பலருக்கும் பொதுவாக ஒரு பீலி. அநேக வீட்டு இஸ்தோப்பில் ஒரு நாய் படுத்திருக்கும். "வுளூச் செய்துவிட்டு வரும்போது நாய் வந்து உரசுகிறது. விரட்டினால் அந்த வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்ன செய்வது?" என்று கேட்கும் பெண்கள் பலர்.

முதலில் சட்டத்தைச் சரியாக அறிந்துகொள்வோம். இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் கடுமையான நஜீஸ். அதன் எச்சில் பட்டாலும், ஈரத்தோடு அதன் உடல் பட்டாலும், பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆனால் நாயின் உடலும் நம் உடுப்பும் காய்ந்திருந்தால், உரசியதனால் மட்டும் நஜீஸ் ஒட்டுவதில்லை. வுளூவும் முறிவதில்லை. இதை அறியாததால்தான் நம்மில் சிலர் தூரத்தில் நாயைக் கண்டவுடனேயே கூச்சலிட்டுக் கல்லைத் தேடுகிறார்கள்.

நஜீஸ் என்பது கழுவ வேண்டியதைப் பற்றிய சட்டம். அந்தப் பிராணியை வெறுக்கும்படியோ, துன்புறுத்தும்படியோ மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. குகைவாசிகளோடு அவர்களுடைய நாயும் வாசலில் கிடந்ததை ஸூரத்துல் கஹ்ஃபில் அல்லாஹ் நினைவுகூர்கிறான். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ண ஸூரத்துல் மாயிதா அனுமதி தருகிறது. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறைகிறது என்று எச்சரித்த நபிமொழியே வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் விலக்கு அளிக்கிறது. நமது தோட்ட அயலவர் எதற்காக நாய் வளர்க்கிறார்கள்? லயத்தின் பின்னால் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறிவிடும். மாட்டுத் தொழுவத்தில் கன்று நிற்கும். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போனபின் வீட்டைக் காப்பது அந்த நாய்தான். அதை நாம் ஏசும்போது, தம்மையே ஏசியதாக அவர்கள் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஆகவே, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, நல்ல வேளையில் சொல்லுங்கள். நாய் மேலே பாய்ந்த கோபத்தில் "சீ, ஹராம்!" என்று கத்தினால் காரணம் அவர்களுக்கு விளங்காது, அவமானம் மட்டும் விளங்கும். பீலியடியில் ஓய்வாகப் பேசும்போது, "அக்கா, நாங்க அஞ்சு நேரம் தொழுறவங்க. நாயின் எச்சில் பட்டா அந்த இடத்த ஏழு தரம் கழுவணும். நான் வாறப்ப மட்டும் கொஞ்சம் கட்டி வைப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பவர்கள் குறைவு. நம் பங்குக்கு, தண்ணீர்க் குடத்தையும் சட்டிபானைகளையும் மூடி வைப்போம். தொழும் உடுப்பை உயரமான கொடியில் காயப்போடுவோம். மீன் கழிவை வாசலில் எறிந்து நாமே நாயை அழைக்காதிருப்போம்.

பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நாயைக் கண்டால் ஓடக்கூடாது. ஓடினால் அது துரத்தும். அசையாமல் நின்று, மெல்ல விலக வேண்டும். தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கக்கூடாது. கல்லெறிவது பாவம் மட்டுமல்ல, கடி வாங்கும் வழியுமாகும்.

கடித்துவிட்டாலோ, சண்டைக்குப் போகுமுன் காயத்தைப் பாருங்கள். ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். 1973இல் நம் நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். இன்று அந்தத் தொகை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. நாய்களுக்கும், கடிபட்டவர்களுக்கும் தவறாமல் ஊசி போட்டதே இதற்குப் பெருங்காரணம். எனவே நாய்களுக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கும் நன்மை, நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இதைக் கேட்டிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டை உரிமைக்கு மார்க்கம் ஒன்றாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மலைப்பாதையில் வாகனம் தேடி முதலில் ஓடிவருவது அந்த லயத்துச் சகோதரர்தான். நாய் இஸ்தோப்பில் கிடக்கிறது என்பதற்காக அவர் வீட்டுச் சுகதுக்கத்துக்குப் போகாதிருப்பது முறையா? நாயைக் கட்டச் சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். நோன்பு காலத்தில் இறைச்சி போடாமல் காய்ச்சிய கஞ்சியில் ஒரு கோப்பை அந்த வீட்டுக்கும் போகட்டும். எச்சில் பட்டதை ஏழு முறை கழுவினால் சுத்தமாகிவிடும். அயலவர் மனதில் பட்ட காயத்தைக் கழுவுவது அவ்வளவு எளிதல்ல.

சுத்தத்தையும் பேணி, அண்டை வீட்டார் உரிமையையும் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.