வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்: பணம் கட்டும் முன்னும் பின்னும்

பிள்ளையின் பேச்சு ஆங்கிலத்துக்காக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை அமர்த்த இன்று மூன்று வழிகள் உள்ளன. ஒரு நிறுவனத்திடம் மொத்தமாகக் கட்டணம் செலுத்தி வகுப்புகள் வாங்கலாம். ஆசிரியர்கள் தங்கள் மணிக்கட்டணத்தைத் தாங்களே குறித்திருக்கும் இணையச் சந்தையில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். தெரிந்தவர் மூலம் ஒருவரை நேரடியாகப் பிடித்து வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கலாம். பெற்றோருக்குச் சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்பது இந்தத் தேர்விலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. நிறுவனத்திடம் வாங்கினால் வழக்குப் போட ஒரு முகவரியாவது இருக்கும். வாட்ஸ்அப் ஏற்பாட்டில் அதுவும் இல்லை.

தாய்மொழியாளர் ஒருவர்தான் அவசியமா என்பது முதல் கேள்வி. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய ஆங்கிலக் கற்பித்தல் மாநாட்டோடு இணைத்துப் பேசப்படும் நம்பிக்கைகளில், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பதும் ஒன்று. 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் அதைப் பொய்நம்பிக்கை என்றே வகைப்படுத்தினார். மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் 2020 துணைத்தொகுதி, தாய்மொழியாளரை அளவுகோலாகக் காட்டிய வாசகங்களை நீக்கிவிட்டது. குழந்தைக்குத் தேவை, அது பேசும்வரை பொறுத்திருந்து, அது சொன்னதற்கே பதில் சொல்லும் ஒரு மனிதர். ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் சீனமொழி கேட்ட அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதையே காணொளியில் பார்த்தவை அறியவில்லை. வளர்ந்த பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், பதிவுசெய்த பாடங்களை உரையாடல் பயிற்சி என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க இது போதும்.

வெளிநாட்டு உச்சரிப்புக்குக் காது பழகுவதும், வழக்குச் சொற்கள் இயல்பாகக் கிடைப்பதும் தாய்மொழியாளரால் வரும் உண்மையான பயன். மற்றதெல்லாம் கற்பிக்கும் திறனைப் பொறுத்தது. செல்டா போன்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழுக்கு ஏறக்குறைய 120 மணிநேரப் பாடமும், உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணிநேரக் கற்பித்தலும் வேண்டும். கடவுச்சீட்டின் நிறத்தை விளம்பரப்படுத்தும் இடத்தில் இந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆசிரியரின் தகுதி குறித்துப் பொய் சொல்வது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அதே ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆசிரியர் தகுதி, கட்டணம், பணம் திருப்பித் தரும் கொள்கை ஆகியவற்றில் பொய் சொல்வதைத் தடுக்கின்றன. ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கு இவை பொருந்தும். சுற்றுலா விசாவில் இந்தியா வந்திருப்பவர் வீட்டுக்கு வந்து காசுக்குப் பாடம் நடத்துவது விசா விதி மீறல் என்பதும் நினைவிருக்கட்டும்.

மோசம்போவது பெரும்பாலும் பணத்தில்தான். நூறு வகுப்புகளை மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்பார்கள். ஆசிரியர் நின்றுபோனாலும், பிள்ளைக்குப் பிடிக்காமல் போனாலும் மீதிப் பணம் கம்பெனியிடம் இருக்கும். 2021 ஜூலையில் சீன அரசு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பதைத் தடைசெய்தது. அந்த நாட்டின் பெரிய நிறுவனமான விஐபிகிட் அடுத்த மாதமே அத்தகைய புதிய வகுப்புத் தொகுப்புகளின் விற்பனையை நிறுத்தியது. அவ்வளவு பெரிய தொழிலையே ஓர் உத்தரவு முடக்க முடியுமென்றால், முன்பணம் எவ்வளவு பாதுகாப்பு என்று யோசிக்க வேண்டும்.

'வட்டியில்லாத் தவணை' என்று விற்பனையாளர் சொல்வது பல நேரங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். கையெழுத்து போட்டபின் வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் கடன் மதிப்பெண் சரியும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் கொடுப்பவர் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். தொடக்கத்தில் ஒரு குறுகிய விலகல் காலமும் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டால், 15,000 ரூபாய் வரையிலான தவணைகள் ஓடிபி கேட்காமலே கழியும். 24 மணிநேரம் முன்னால் ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். தானியங்கிப் பிடித்தத்தைத் தவிர்க்கும்படி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

பிள்ளையின் பாதுகாப்பு பணத்தைவிடப் பெரிது. வகுப்பு கூடத்தில், வீட்டார் காதில் விழும்படி நடக்கட்டும். பிள்ளையின் தனி எண்ணோ சமூக ஊடகக் கணக்கோ ஆசிரியருக்குத் தேவையில்லை. பிரிட்டனில் வாழ்ந்தவர், வெளிநாட்டுக் குழந்தைகளோடு பணியாற்ற 'ஏக்ரோ' வழங்கும் சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழைப் பெற முடியும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் குற்றம். தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். உரையாடல் பதிவுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ காவல் நிலையத்தையோ உடனே அணுக வேண்டும். வகுப்பைப் பதிவுசெய்யலாமா, யாரிடம் அது இருக்கும் என்பதையும் முதல் நாளே எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பணத் தகராறு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி அவர் 48 மணிநேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. பள்ளி, கல்லூரிகளை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2020 தீர்ப்புகூட, பயிற்சி மையங்களை உள்ளேயே வைத்தது. கடன் கொடுத்த நிதி நிறுவனம் முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். போலி ஆசிரியரிடம் பணம் போனால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமானால் பணம் கைமாறிவிடும்.

இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டுத் தனிநபரிடம் இந்த வழிகளில் பெரும்பாலானவை நடைமுறையில் பயன்தராது. அட்டை வழியே கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று பணத்தைத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' வங்கியிடம் கேட்கலாம். அதற்கும் காலக்கெடு உண்டு. ஆகவே முதலில் ஒரு சோதனை வகுப்பு, பிறகு ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.