மருந்தில்லாத மூளைக்காய்ச்சல்

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரிடம் முதன்முதலாக 1955-இல், அன்றைய வடஆற்காடு மாவட்டத்தின் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள், கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் இந்த வைரஸைப் பெற்று மனிதருக்குக் கடத்துகின்றன. மனித இரத்தத்தில் வைரஸ் போதிய அளவு பெருகாததால், நோயாளியைக் கடிக்கும் கொசு அதை மேலும் பரப்புவதில்லை. டெங்குவிலிருந்து இந்நோய் வேறுபடும் முக்கியமான இடம் இது.

தொற்றியவர்களில் பெரும்பாலோர் அதை அறியாமலே கடந்துவிட, ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே மூளை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டோரில் 30 விழுக்காடு வரை இறக்க நேரிடுகிறது.

காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று தொடங்கி, வலிப்பும் நினைவிழப்புமாக முற்றிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிக்கு, வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. தாய்லாந்தில் ஸ்டீராய்டையும் வியட்நாமில் இன்டர்ஃபெரானையும் கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வுகள் பலன் காட்டவில்லை. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பது, வைரஸ் விளைவிக்கும் சேதத்தின் மேல் இன்னொரு சேதம் சேராமல் காக்கும் முயற்சியே. விரிவதற்கு இடமில்லாத மண்டையோட்டுக்குள் மூளை வீங்கும்போது இரத்த ஓட்டம் தடைபடுமாதலால், தலைப்பகுதியை 30 பாகை உயர்த்தி, வீக்கத்தின் நீரை இரத்தத்துக்கு இழுக்கும் மானிட்டாலையோ அடர்த்தி மிகுந்த உப்புக் கரைசலையோ செலுத்தி, வென்டிலேட்டரின் துணையால் மூச்சைச் சீராக வைக்கிறார்கள். வலிப்பு எப்போதும் வெளிப்படையாக இருப்பதில்லை. விரல் நுனியோ இமையோ மட்டும் துடிக்க, மூளைக்குள் அது மணிக்கணக்கில் நீடிக்கலாம் என்பதால், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. இன்றியமையாதது.

மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்டிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டினால் ஐயம் வலுப்படும். தண்டுவட நீரில் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தென்பட்டால் நோய் உறுதியாகும். முதல் சில நாட்களில் அது தென்படாமலும் போகலாம். அதற்குள், மருந்துக்குக் கட்டுப்படும் ஹெர்பெஸ் மூளைக்காய்ச்சலாக இருந்துவிட்டால் என்ற எச்சரிக்கையில், அசைக்ளோவிர் தொடங்கப்படுகிறது. வீண் செலவென்று உறவினர் எண்ணக்கூடிய இந்த மருந்து, உண்மையில் விவேகமான முடிவு.

உயிர் பிழைத்தோரிலும் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு உடல் விறைப்பு, பேச்சுக் குறைபாடு, நடத்தை மாற்றம் ஆகியவை நிலைத்துவிடுகின்றன. 2005-இல் கோரக்பூர் வட்டாரத்தில் பெரும் நோய்ப்பரவல் ஏற்பட்டதையடுத்து, 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் சில மாவட்டங்களில் பின்னர் பெரியவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர்.