ஒரு கட்டம், நாலு கிரவுண்ட்

ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் அமைப்பைப் படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்களில் ஏரிகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரு மாவட்டத்தின் ஏரிகள் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கின என்ற தலைப்பை ஏதாவதொரு கல்லூரியில், ஏதாவதொரு மாணவர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் கணக்கில் உள்ளன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையில் சென்னை குடங்களோடு நின்றதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. தலைப்பு நல்லது. ஆனால் மாவட்டம் முழுவதும் வேண்டாம், ஒரே ஓர் ஏரியை எடுங்கள் என்பதுதான் அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. ஓர் ஏரியின் எல்லையை ஒழுங்காகச் சொல்வதற்கே ஒரு செமஸ்டர் சரியாக இருக்கும்.

ஏனென்றால் ஓர் ஏரிக்கு மூன்று எல்லைகள் உண்டு. செயற்கைக்கோள் படமெடுத்த அன்று தண்ணீர் நின்ற இடம் ஒன்று. உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும் அளவுக்கு ஏரி நிரம்பும்போது தண்ணீர் எட்டும் இடம் இன்னொன்று. மூன்றாவது, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஏரிப் புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும் சர்வே எண்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் ஏரி அரிது. எதை அளக்கிறோம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லாத அறிக்கை, கடைசிப் பக்கத்தில் "40 சதவீதம் சுருங்கிவிட்டது" என்று சொன்னால் அதை என்ன செய்வது?

பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது முதல் எல்லையை. அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 மட்டுமே 2013 வரை உழைத்தது. இந்தப் படக்களஞ்சியம் 2008இல் இலவசமானதும் உலகெங்கும் மாணவர் ஆய்வுகளின் போக்கே மாறியது. தண்ணீரைப் பிரித்தெடுக்கும் முறையும் எளிது. நீர் அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீருள்ள இடங்கள் தனியே எழுந்து நிற்கும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்க் குறியீடு இதுதான். கட்டடங்களும் சில நேரம் நீரைப் போல வந்து குழப்பியதால், 2006இல் ஷு என்ற சீன ஆய்வாளர் அண்மை அகச்சிவப்புக்குப் பதில் குறுஅலை அகச்சிவப்பைப் போட்டுத் திருத்தினார். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் சில நிமிட வேலை.

சிக்கல் அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முதலில் தேதி. வட தமிழக ஏரிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் நிரம்பி, பாசனத்திலும் வெயிலிலும் வற்றுபவை. 2016 ஜனவரிப் படத்தையும் 2019 ஜூன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செம்பரம்பாக்கம் ஏரியே அழிந்துவிட்டதாக நிரூபித்துவிடலாம். அது சுருக்கம் அல்ல, பருவம். ஒரே மாதத்துப் படங்களை எடுத்தாலும் அந்தந்த ஆண்டின் மழை வேறு. ஆகவே இரண்டு தேதிகளை ஒப்பிடுவதைவிட, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை முறை தண்ணீர் நின்றது என்று நீண்ட காலத்துக்குக் கணக்கெடுப்பது நேர்மையானது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதல் 2015 வரையிலான சுமார் 30 லட்சம் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் அப்படியொரு வரைபடத்தை 2016இல் வெளியிட்டது. அதில் நம்மூர் ஏரிகளும் இருக்கின்றன. இந்த அணுகுமுறையை ஒரே ஏரிக்குக் கூர்மையாகச் செய்வது ஒரு மாணவரால் முடியக்கூடியது.

அடுத்தது, படத்தின் கட்டம். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ நாலு கிரவுண்ட், அல்லது 22 சென்ட். அதற்குள் கரையோரமாக நாலு வீடுகள் எழும்பியிருக்கலாம். படம் அந்த நாலு கிரவுண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். 10 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சின்ன ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 111 கட்டங்கள். ஏரி சதுரமாக இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அவற்றில் சுமார் 38 கட்டங்கள் ஓரத்தில் விழும். பாதி நீர், பாதி நிலம் என்று கலந்து கிடக்கும். மூன்றில் ஒரு பங்கு கட்டங்களே சந்தேகத்துக்குரியவை என்னும்போது "5.37 சதவீதம் குறைந்துள்ளது" என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதுவதில் அறிவியல் இல்லை. 2015இல் வந்த சென்டினல் 2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் கட்டம் அரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் 1990ஐப் பார்க்க அது உதவாது.

ஆகாயத்தாமரை மூடிய ஏரியைச் செயற்கைக்கோள் தோட்டமாகத்தான் பார்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை அகச்சிவப்பை வாரி இறைக்கும். கீழே இருக்கும் தண்ணீர் குறியீட்டில் தெரியவே தெரியாது. சென்னையைச் சுற்றிய, கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் இது சின்ன விஷயம் இல்லை.

டோப்போஷீட் எனப்படும் பழைய நில அளவை வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துபவர்களுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் தொடர்ச்சியாக, இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோளும் கைபேசி ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறோர் அடிப்படையைப் பின்பற்றுகின்றன. மாற்றிக்கொள்ளாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் சென்னைப் பக்கத்தில் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும். ஏரி நகரவில்லை, கணக்குதான் நகர்ந்தது. இதோடு தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை: யூடிஎம் முறையின் 43ஆம், 44ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை நம் மாநிலத்தின் ஊடாகப் போகிறது. மதுரை ஒரு பக்கம், கோவை மறுபக்கம். திண்டுக்கல் மாவட்டத்தை எடுத்தவருக்குக் கோடு மாவட்டத்தையே இரண்டாக வெட்டும்.

இத்தனையும் அறைக்குள் நடப்பவை. புராஜெக்ட்டுக்கு உயிர் வருவது கரையில் ஏறும்போதுதான். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஒரு மாணவியோடு நடந்தபோது, அவள் கைபேசியில் தன் வரைபடத்தை விரித்து, அந்த ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவரிடம் கேட்டாள்: "தாத்தா, ஏரி எது வரைக்கும் வரும்?"

"இப்ப நிக்கிறதையா கேக்குறம்மா? கலங்கல் போறப்ப அதோ அந்தப் பனை வரிசை வரைக்கும் நிக்கும். அங்க வேலி போட்டிருக்கான் பாரு, அது உள்வாய்."

உள்வாய் என்றால் ஏரியின் நீர் பரவும் உட்பகுதி. அவள் வரைபடத்தில் அந்த வேலிக்குள் இருந்தது "விவசாய நிலம்" என்ற மஞ்சள் நிறம். படம் பொய் சொல்லவில்லை. அந்தத் தேதியில் அங்கே பயிர்தான் இருந்தது. ஆனால் பெரியவர் சொன்னதைச் சோதிக்க வழி இருக்கிறது. கலங்கலின் மேல்மட்டம் எவ்வளவு உயரமோ, தண்ணீர் அந்த உயரம் வரைதான் பரவும். சிவில் துறையிடம் ஆட்டோ லெவல் கருவியைக் கேட்டு வாங்கி, கலங்கல் மட்டத்தை உள்வாய்ப் பக்கம் கொண்டுபோனால் ஏரியின் இரண்டாவது எல்லை கையில் கிடைக்கும். இலவச உயர வரைபடங்களை இதற்கு நம்ப முடியாது. 2000ஆம் ஆண்டில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் பிழையே பல மீட்டர். கரையின் உயரமே அதற்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது எல்லைக்குப் புலப்படம் வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்தால் அரசின் இணையச் சேவையில் அது கிடைக்கிறது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது, சர்வே கல்லிலிருந்து சர்வே கல்லுக்கு அளவு மட்டும் இருக்கும். வயலில் இறங்கி அந்தக் கற்களைத் தேட வேண்டும். சில கற்கள் இருக்கும், சில பிடுங்கப்பட்டிருக்கும், மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல் பெரும்பாலும் தப்பித்திருக்கும். கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலும் சுமார் 5 மீட்டர் பிழை காட்டும் என்பதால், இருக்கும் கற்கள் அத்தனையையும் சேர்த்துப் பொருத்துவதே பாதுகாப்பு.

பிறகு சரிபார்ப்பு அட்டவணை. வைவாவில் முதலில் நான் திருப்பிப் பார்க்கும் பக்கம் இதுதான். "மொத்தத் துல்லியம் 96 சதவீதம்" என்று எழுதியிருக்கும். ஆய்வுப் பகுதியில் நீர்ப்பரப்பு 4 சதவீதம்தான் என்றால், எங்குமே தண்ணீர் இல்லை என்று சொல்லும் வரைபடமும் 96 சதவீதம் சரியாக இருக்கும்! அதனால் கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். வரைபடம் நீர் என்று காட்டிய 50 இடங்களுக்குப் போனோம், எத்தனையில் நீர் இருந்தது? நேரில் நீர் இருந்த 50 இடங்களில் எத்தனையை வரைபடம் பிடித்தது? முதலாவது 45 ஆகவும் இரண்டாவது 31 ஆகவும் வந்தால், அந்த வரைபடம் நீரைத் தவறாகக் கூட்டிச் சொல்வது குறைவு, ஆனால் நிறைய விட்டுவிடுகிறது என்று பொருள். விட்டுப்போன 19 இடங்களும் எங்கே இருக்கின்றன? ஆகாயத்தாமரைக்குக் கீழா, கரையோரத்திலா, கட்டட நெருக்கத்திலா? இதற்குப் பதில் சொல்லும் மாணவருக்குத் தன் ஏரியைத் தெரியும். குறைந்த எண் வந்துவிட்டதே என்று அதை மறைக்கப் பார்ப்பவரிடம், அந்த எண்தான் உன் கண்டுபிடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

கால அட்டவணை மட்டும் மாணவர்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. கடைசி செமஸ்டர் பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்குகிறது. ஏரிகள் நிறைந்திருப்பதும் அப்போதுதான். முந்தைய ஆய்வுகளைப் படித்து முடித்துவிட்டு மார்ச்சில் களத்துக்குப் போகலாம் என்று இருந்தால், அளக்க வேண்டிய தண்ணீர் மதகு வழியே போயிருக்கும். முதல் வாரத்திலேயே கரைக்குப் போய் நீரின் விளிம்பைச் சுற்றி நடந்து பதிவுசெய்துவிட வேண்டும். படிப்பு பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கும்.

மாணவர் வரைந்த வரைபடத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி எல்லையை அளந்து சொல்வது அரசின் வேலை. ஆனால் மூன்று எல்லைகளும் எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு விலகுகின்றன என்ற ஒரு பக்கப் பட்டியல், அந்த வேலையைக் கேட்டு வாங்கக் கிராமத்துக்குப் போதுமான ஆதாரம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அறிக்கைக்கு பைண்டிங் போடுவதற்கு முன்பே அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து, ஊராட்சித் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடலாம்.