குறைமாதக் குழந்தையின் வயிற்றைக் கவனியுங்கள்!

என் மகளுக்கு 30-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன் எடை 1,250 கிராம்தான். இன்குபேட்டரில் வைத்து, குழாய் வழியாகத் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். 12-ம் நாள் வயிறு உப்ப ஆரம்பித்தது. நர்ஸ் இன்ச் டேப்பால் அளந்து பார்த்து, "பாலை நிறுத்தணும்மா" என்றார். "பச்சைப் புள்ளையைப் பட்டினி போடறாங்களே!" என்று சம்பந்தியம்மா அழுதே விட்டார்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கியதைத் தோழிகளுக்கும் சொல்ல ஆசை. குறைமாதக் குழந்தையின் குடல் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. அதில் அழற்சி வந்து, குடலின் ஒரு பகுதியே அழுகிப் போகும் நோய் உண்டு. சுருக்கமாக 'நெக்' என்கிறார்கள். முற்றினால் குடலில் ஓட்டை விழுந்து, ஆபரேஷன் வரை போகும், உயிருக்கே ஆபத்து. வயிறு உப்புவது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், குழந்தை துவண்டு போவது... இவைதான் அறிகுறிகள். ஆனால் ஆரம்பத்தில் சாதாரண வாயுத் தொல்லை மாதிரியே இருக்குமாம். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்று தெரிகிறபோது நோய் நன்றாகப் பிடித்திருக்கும்.

அதனால்தான், நோயை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் பொருள் மலத்திலோ, சிறுநீரிலோ, ரத்தத்திலோ இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அமெரிக்காவில் லூசியானா ஆய்வாளர்கள் 136 குறைமாதக் குழந்தைகளின் மலத்தைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கிருமிகளின் நஞ்சை முறிக்கும் ஒரு என்சைம் குடல் சுவரில் இருக்கிறது. நோய் கண்ட குழந்தைகளுக்கு அது மலத்தில் அதிகமாக வெளியேறுகிறது. ஆனால் வேலை செய்யும் சக்தி குறைந்து போயிருக்கிறது. இதைப் பார்க்க ஊசி குத்த வேண்டாம், கழற்றிப் போடும் டயபரே போதும்! அந்தப் பிஞ்சுக் காலில் ஊசி குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். இந்தச் சோதனை இன்னும் ஆஸ்பத்திரிகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

எங்கள் பேரனுக்கு ஒரு வாரம் டிரிப்ஸ், ஆன்டிபயாடிக். நல்லவேளை, நோய் அத்தோடு நின்றது. பால் வற்றிவிடக் கூடாதே என்று அந்த வாரம் முழுக்க மகள் மூன்று மணிக்கு ஒரு தரம் பீய்ச்சிச் சேமித்தாள். இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்திருந்தது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேனை வைக்கிறேன், உரைமருந்து தருகிறேன் என்று இன்குபேட்டர் குழந்தையிடம் போகவே போகாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வயிறு உப்பினால், பெருங்காயம் தடவி நேரத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் ஓடுங்கள். பால் போதாத தாய்மார்கள் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. என் மகளும் மிஞ்சிய பாலை அப்படி ஒரு வங்கிக்குத்தான் கொடுத்தாள்.

- ஒரு பாட்டி, தஞ்சாவூர்.